யார் வீட்டு அடுப்பு

செங்குன்றம் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசிப்பறை நடத்துகிறோம். அங்கே வரும் பிள்ளைகளின் வீடுகளை நோட்டில் எழுதிப் பார்த்தேன். செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். அரிசி ஆலைகளை ஒட்டிக் குடியிருக்கும் இருளர்கள். புழல் முகாமில் பிறந்து வளரும் ஈழத்துப் பிள்ளைகள். 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள், அவர்களின் பிள்ளைகள். வீட்டில் உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள். தலைமுறை தலைமுறையாக இதே ஊரில் இருந்தும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருக்களின் பிள்ளைகள். எல்லோரும் ஒரே பாயில்தான் உட்கார்கிறார்கள்.

அடுத்த பக்கத்தில், எங்கள் அலமாரியிலுள்ள கதைப் புத்தகங்களில் யார் யார் வீடுகள் வருகின்றன என்று எழுத ஆரம்பித்தேன். ராஜாவின் அரண்மனை, வியாபாரி வீடு, ஏழை அந்தணர் வீடு, சிங்கத்தின் குகை. பிறகு ஓடு வேய்ந்து, திண்ணை வைத்து, வாசலில் கோலம் போட்ட ஒரு வீடு. அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. சூளைக் கொட்டகை எதிலும் இல்லை. முகாமின் பத்துக்குப் பத்து அறையும் இல்லை.

இரண்டு பக்கங்களும் ஓரளவாவது ஒத்துப்போகும்வரை புத்தகம் தேடுவது என்று முடிவு.

*

அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965-இல் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டார். நியூயார்க்கின் மழலையர் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, புத்தகத்தில் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே இருக்கிறார்களே, ஏன் என்று கேட்டாள். அதிலிருந்துதான் லாரிக் தொடங்குகிறார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களைப் பார்த்தார். படத்திலோ கதையிலோ ஒரே ஒரு கறுப்பினத்தவராவது வரும் நூல்கள் 349. நூற்றுக்கு ஏழு கூடத் தேறவில்லை.

பின்னால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1985-ஆம் ஆண்டு நூல்களை எண்ணியபோது, சுமார் 2,500-இல் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ செய்தவை 18. யாரைப் பற்றிய நூல் என்பது ஒரு கணக்கு, யார் எழுதிய நூல் என்பது வேறு கணக்கு என்று அந்த மையம் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் தேடும்போது எனக்கு மிகவும் உதவியது இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான். இருளர் சிறுவனைப் பற்றிய நூல் கிடைத்துவிடுகிறது. இருளர் எழுதிய சிறுவர் நூலைத்தான் கடை கடையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

*

ஐம்பது வயதைத் தாண்டிய பல தமிழ் வாசகர்களுக்கு முதலில் அறிமுகமான வெளியுலகம் சோவியத் நாடு. மாஸ்கோவிலேயே தமிழில் மொழிபெயர்த்து, அங்கேயே அச்சடித்து, கெட்டி அட்டையும் வழுவழுத் தாளுமாகக் கப்பலில் அனுப்பினார்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் அவற்றைச் சொற்ப விலைக்கு விற்றது. பனியில் கிடக்கும் கையுறைக்குள் ஒவ்வொன்றாகக் குடிபுகும் விலங்குகளின் உக்ரேனியக் கதை, பிர்ச் மரக் காடு, சமோவார், ஆட்டுத்தோல் கோட்டு. 1991-இல் அந்த நாடு உடைந்தபோது அந்த வரத்தும் நின்றது.

அந்தப் புத்தகங்களின் மேல் எனக்குத் தீராத நன்றி உண்டு. அதோடு ஒரு கேள்வியும் உண்டு. உக்ரேனியப் பாட்டியின் அடுப்படி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த இருளர் குடிசைக்குள் அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்பது தெரியாது. தூரத்து மனிதர்களை நேசிக்கக் கற்றுக்கொடுத்த புத்தகங்கள் இருந்தன. பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போகும் புத்தகங்கள் இல்லை. பக்கத்துத் தெருதான் எப்போதும் கடினம். அங்கே போகக் குறுக்கே நிற்பது கடலோ மலையோ அல்ல, சாதி.

*

புத்தகக் கடையில் என் வழக்கம்: புத்தகத்தைக் கையில் எடுத்ததும் சமையலறை வரும் பக்கத்தைத் தேடிப் புரட்டுவேன். அட்டையில் பல நிறப் பிள்ளைகள் கைகோத்து நிற்கலாம், பின்னட்டையில் ஒற்றுமை, பன்மை என்று அச்சிட்டிருக்கலாம். உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்பதில் உண்மை வந்துவிடும்.

தமிழ்ச் சிறுவர் நூல்களில் சமைப்பது பெரும்பாலும் தோசை, முறுக்கு, லட்டு, பாயசம். எங்கள் பாயில் உட்காரும் பிள்ளைகள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, நத்தைக் கறி, வயல் எலி, தலைக்கறி, மாட்டுக்கறி, பர்மா நூடுல்ஸான அத்தோ. இதையெல்லாம் அவர்கள் சொல்வதற்கு நாளாயிற்று. முதலில் கேட்டபோது எல்லோருமே சாம்பார் என்றார்கள். புத்தகத்தில் வரும் வீடுகளைப் பார்த்து, வெளியில் சொல்லத் தகுந்த சாப்பாடு எது என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிள்ளை வீட்டுச் சாப்பாட்டை மறைத்துப் பேசப் பழகுவதைப் போல எனக்கு வேதனை தருவது வேறொன்றும் இல்லை.

ஹைதராபாத்தின் அன்வேஷி பெண்ணாய்வு மையம் 2008 வாக்கில் ஒரு சிறுவர் கதை வரிசையைக் கொண்டுவந்தது. தலித், முஸ்லிம், உழைக்கும் வீடுகளின் கதைகள். எழுதியவர்களில் கோகு சியாமளா, முகமது கதீர்பாபு போன்றவர்கள் உண்டு. அதில் ஒரு கதையின் தலைப்பே தலைக்கறி. கறி எடுப்பது, கழுவுவது, வேகவைப்பது, வீட்டோடு உட்கார்ந்து தின்பது எல்லாம் ஒரு குடும்பத்தின் சந்தோஷமாக வருகிறது. விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் அந்த வரிசை வந்தது. தமிழ் அதில் இல்லை, சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். முடித்ததும் உருது பேசும் வீட்டுப் பையன் எழுந்து, தங்கள் வீட்டில் மூளையை முட்டையோடு எப்படிப் பொரிப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். பிறகு ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். பலாங்கீர்ப் பையன் பக்காளா என்றான். நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து, வெங்காயம் மிளகாயோடு சாப்பிடுவது. "டேய், அது பழைய சோறுடா!" என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். சூளையில் அவன் அம்மா ஊற்றி வைப்பதும் இவர்கள் ஆயா ஊற்றி வைப்பதும் ஒன்றே என்பதில் அவனுக்கு நம்பவே முடியாத மகிழ்ச்சி.

*

ஒரு வகைப் புத்தகத்தை இனி வாங்குவதில்லை. முஸ்லிம் பிள்ளை ரம்ஜானுக்கு மட்டும் வருவான், தொப்பி போட்டு, பிரியாணித் தட்டோடு. கிறிஸ்தவப் பிள்ளை கேக்கோடு டிசம்பரில் வருவாள். மலைவாழ் பிள்ளை இறகு செருகிக்கொண்டு ஆடுவான். மீதி நாட்களில் இவர்கள் எங்கே போனார்கள்? வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் போய், பென்சில் தொலைத்து, தங்கையோடு சண்டை போட்டு, காய்ச்சலில் படுத்த பிள்ளைகள் யார்? பண்டிகை நாளில் மட்டும் வீட்டுக்குள் விடப்படுகிறவர் விருந்தாளி. கூட வாழ்கிறவருக்கு வெறும் செவ்வாய்க்கிழமையும் வேண்டும்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே' 1962-இல் வந்தது. அடுத்த ஆண்டே கால்டெகாட் பதக்கம் பெற்றது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் விளையாடுகிறான், வீட்டுக்கு வந்து குளிக்கிறான், தூங்குகிறான். அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வெளியே பனி பெய்திருக்கிறது, அவன் சின்னப் பையன், அது போதும். எழுதியவர் கறுப்பினத்தவர் அல்லர், போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோரின் பிள்ளை. அதை வைத்து அன்றே விவாதம் நடந்தது. நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் நான் தேடுகிற 'வெறும் நாள்' அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

*

காளி என்ற இருளர் சிறுவனின் கதை. ஜாய் விட்டேகர் எழுதியது, சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. காளியின் அப்பா பாம்பு பிடிக்கிறவர். வகுப்பில் அவனோடு யாரும் சேருவதில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட, எல்லோரும் அலறும்போது காளி அதைப் பிடிக்கிறான், எல்லோருக்கும் அவன்மேல் மதிப்பு வருகிறது. அக்கறையோடு எழுதிய நூல். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உலகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியது. இந்தச் சங்கத்தின் ஆட்கள் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் கதையை வாசித்தேன். கைதட்டினார்கள்.

அரிசி ஆலைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. "அக்கா, அன்னிக்குப் பாம்பு வரலன்னா அவங்கூட யாரு சேருவா?"

இந்தக் கேள்வியை நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒதுக்கப்பட்ட பிள்ளை ஏதாவது ஒரு வீரம் செய்து காட்டினால்தான் வகுப்பு அவனை ஏற்கும் என்று எத்தனை கதைகள் சொல்கின்றன! மற்றப் பிள்ளைகள் எந்தச் சாகசமும் செய்யாமலே ஏற்கப்பட்டவர்கள். அந்தச் சிறுமியின் அப்பா பாம்பு பிடிப்பதில்லை, நெல் அவிக்கிறார். அவளுக்குப் பாம்பென்றால் பயம். அவளுக்கான புத்தகம் இன்னும் எழுதப்பட வேண்டும்.

என்றாலும் காளி எங்கள் அலமாரியில் இருக்கிறான், இருப்பான். அவன் பக்கத்தில் இன்னும் பத்து இருளர் பிள்ளைகள் இருந்தால், ஒருவன் பாம்பு பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு புத்தகம் ஒரு சமூகத்தையே சுமக்க வேண்டி வருவதுதான் கோளாறு.

*

பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் ஊர்க்காரர், கோண்டு ஓவியர். லண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் வரைய அழைக்கப்பட்டுப் போனார். திரும்பி வந்து, பார்த்ததை வரைந்தார். சென்னையின் தாரா புக்ஸ் 2004-இல் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. பிக் பென் கடிகாரக் கோபுரம் அதில் சேவலாக மாறியிருக்கிறது. இரண்டும் நேரம் சொல்கிறவை அல்லவா? அவர் தினமும் ஏறிய 30-ஆம் எண் பேருந்து, வீட்டுக்குக் கூட்டிவந்து விடும் நம்பிக்கையான நாய்.

இந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிமிர்கிறது. பழங்குடி மனிதர் எல்லாப் புத்தகங்களிலும் பார்க்கப்படுகிறவராகவே வருகிறார். யாரோ போய்ப் படமெடுத்து, குறிப்பெழுதி, நமக்குக் காட்டுகிறார்கள். இதில் அவர் பார்க்கிறார். லண்டன் அவருக்கு வினோதமான காடு. அதை அவர் தன் ஊர் விலங்குகளைக் கொண்டு புரிந்துகொள்கிறார். இப்படியொரு பார்வையைச் சிறுவயதிலேயே காண்கிற பிள்ளைக்கு, யார் யாரைப் பார்த்து விவரிக்கலாம் என்பதில் யாருக்கும் பட்டா இல்லை என்று விளங்கிவிடும். இதன்பின் பிள்ளைகளிடம் செங்குன்றத்தை வரையச் சொன்னேன். ஒடியா பேசும் சிறுமி, கூட்ஸ் லாரிகளை வரிசையாகப் போகும் காட்டெருமைகளாக வரைந்தாள். முகப்பு விளக்குகள் எல்லாம் கண்கள், ஒவ்வொன்றுக்கும் இமை முடி.

அதே பதிப்பகத்தின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. கறுப்புக் கைத்தாளில் கையாலேயே சில்க் ஸ்கிரீன் அச்சு. 2008-இல் இத்தாலியின் போலோனியா சிறுவர் நூல் கண்காட்சியில் பரிசு பெற்றது. மை வாசனை நீண்ட நாள் போகாது. விலை எங்களைப் போன்ற இடங்களுக்கு அதிகம்தான். ஆனாலும் ஓர் அலமாரிக்கு ஒன்றாவது இருக்கட்டும். கிழிந்துபோகும் என்று பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கிறோம். கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறார்கள், நாங்கள் சொல்லாமலே.

*

படத்துக்கு வண்ணம் அடிக்கும் நேரம். "அக்கா, ஸ்கின் கலர் குடுங்க." கிரேயான் பெட்டியில் அந்தப் பெயரில் அவர்கள் கேட்பது வெளிர் ரோஜா நிறக் குச்சி. மை நிறத்துப் பிள்ளைகள் தங்கள் முகத்துக்கு அதை அடிக்கிறார்கள். அம்புலிமாமாவிலும் சித்திரக் கதைகளிலும் இளவரசி வெளுப்பாகவும் அரக்கன் கறுப்பாகவும் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இவர்கள் கையில் அந்தப் பழைய இதழ்கள் இல்லை, ஆனால் நிறம் மட்டும் அப்படியே இறங்கி வந்திருக்கிறது. இப்போது பெட்டியிலிருந்து பழுப்புக் குச்சிகளை எல்லாம் எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் 'தோல் நிறங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறோம். புத்தகம் வாங்கும்போதும் பார்க்கிறேன்: கறுத்த பிள்ளை அழகாக வரையப்பட்டிருக்கிறதா, முகத்தில் யோசனையும் குறும்பும் இருக்கின்றனவா, இல்லை கூட்டத்தில் பின் வரிசையை நிரப்ப மட்டுமா?

*

சூளைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடியது ஒரு தனி வேலை. மழை முடிந்த பிறகு வருகிறார்கள், அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்புகிறார்கள். பள்ளிப்படிப்பு இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் தொலைந்துபோகிறது. சிலருக்கு ஒடியா எழுத்து அரைகுறையாகத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. தமிழ் பேச மட்டும் ஆறே வாரத்தில் வந்துவிடுகிறது.

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இங்கே கைகொடுத்தது. திறந்த உரிமத்தில் கதைகள் கிடைக்கின்றன. யாரும் இறக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். ஒரே கதை ஒடியாவிலும் தமிழிலும் இருப்பவற்றைத் தேர்ந்து இரண்டையும் அச்சடித்தோம். ஒடியாப் பக்கத்தை அடியில் வைத்து, தமிழ் வரிகளைப் பட்டையாக வெட்டிப் படத்துக்குக் கீழே ஒட்டி, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தால் இருமொழிப் புத்தகம். பசை காயும் முன் மூடினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவோம்.

பலாங்கீர்ப் பையன் ஒடியா வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தான். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன் கீழ் வரியை வாசித்தான். பத்துப் பக்கமும் இப்படியே மாறி மாறிப் போயிற்று. முடிவில் பலாங்கீர்ப் பையன், இதில் உள்ள பேச்சு பள்ளிக்கூடத்துப் பேச்சு, எங்கள் அம்மா இப்படிப் பேச மாட்டார் என்றான். உண்மைதான். மேற்கு ஒடிசாவில் வீட்டு மொழி சம்பல்புரி. அரசு மொழியில் புத்தகம் கிடைத்துவிட்டாலும் வீட்டு மொழி இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூமில் சுசனா என்ற அமைப்பு சந்தாலி, கோரா மொழிகளில் பிள்ளைகளுக்கென்று புத்தகம் செய்கிறது. அப்படி ஒரு கை சம்பல்புரிக்கும் வேண்டும். நம் பக்கத்தில் நரிக்குறவர்களின் வாக்ரிபோலிக்கும் வேண்டும், இருளர் மொழிக்கும் வேண்டும்.

ஊர் திரும்பும்போது ஒட்டிய புத்தகங்களை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறோம். இரவல் பதிவேட்டில் 'பலாங்கீர்' என்று எழுதிக் கோடு போட்டாகிவிட்டது.

*

எழுத்தே இல்லாத படப் புத்தகங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கினோம். அதைச் செய்யத் தூண்டியது யெல்லா லெப்மனின் வாழ்க்கை. ஸ்டுட்கார்ட் நகரத்து யூதப் பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சியில் நாட்டைவிட்டுத் தப்பி, போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவத்தின் ஆலோசகராக இடிபாடுகளுக்கு நடுவே திரும்பி வந்தார். பிற நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் பிள்ளைகளின் சிறந்த புத்தகங்களை ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். ஜெர்மனி இரண்டு முறை படையெடுத்திருந்த பெல்ஜியம் முதலில் மறுத்தது. அவர் மீண்டும் எழுதினார், அனுப்பினார்கள். 1946-இல் பல நாடுகளின் புத்தகங்களோடு மியூனிக்கில் கண்காட்சி திறந்தது. 1949-இல் அதுவே பன்னாட்டு இளையோர் நூலகமாயிற்று. படங்கள் நிறைந்த புத்தகங்களை அவர் குறிப்பாகக் கேட்டார், மொழி தெரியாமலும் பார்க்கலாம் என்பதற்காக.

அவர் முயற்சியில் 1953-இல் உருவான பன்னாட்டுச் சிறுவர் நூல் மன்றம், 2012-இல் இத்தாலியின் லம்பெதூசா தீவில் படகில் வந்திறங்கும் அகதிப் பிள்ளைகளுக்கும் தீவின் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லற்ற புத்தகங்களின் நூலகம் ஒன்றை ஆரம்பித்தது. எங்கள் பாயில் அந்தத் தட்டுக்குத்தான் போட்டி. தப்பாக வாசிக்க வழியே இல்லாத புத்தகத்தில் எல்லோரும் சமம்.

*

புழல் முகாமிலிருந்து பேத்தியைக் கூட்டிவரும் பாட்டி, அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன பிள்ளை, எங்கட சோமசுந்தரப் புலவற்ற பாட்டுப் புத்தகம் ஒண்டும் இல்லையோ?"

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நாக்கில் இருப்பவை. ஆடி முதல் நாளுக்கு அங்கே கூழும் கொழுக்கட்டையும். நம் பாடப்புத்தகங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே புதிது. நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் வருடி வைக்கப்பட்டிருக்கின்றன, யாரும் இலவசமாக வாசிக்கலாம். 2005 முதல் தன்னார்வலர்கள் செய்துவரும் பெரும் பணி. அங்கே தேடிப் பாட்டுகளை எடுத்துப் பெரிய எழுத்தில் அச்சடித்தேன். பாட்டி கண்ணாடியைப் போடவே இல்லை, பார்க்காமலே சொன்னார். சொல்லிக்கொண்டே பேத்தியைத் திருத்தவும் செய்தார். பேத்தி சென்னைத் தமிழ் பேசுகிறாள், யாழ்ப்பாண ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு மொழிதான் என்றாலும், அந்தப் பாட்டும் அந்தக் கூழும் அவளுக்குச் சேர வேண்டிய சொத்து. குழந்தை சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா' நாடகத்தைப் பிள்ளைகளோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறோம்.

*

இப்போது மனதை அழுத்தும் குறிப்பு.

'எல்லோருடைய பாரம்பரியத்தையும் கொண்டாடும் புத்தகங்கள்' என்று சொல்லும்போது நம் ஊரில் நின்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். மணிக்கட்டில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டிவரும் எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டால் அவனும் இது எங்கள் பாரம்பரியம் என்றுதான் சொல்கிறான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளியில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. சாதிப் பெருமை பேசும் வீரக் கதைகளும் சிறுவர் நூல் என்ற பெயரில் அச்சாகலாம், வண்ணப் படங்களோடு. அவற்றையும் பன்மை என்று அலமாரியில் வைக்க முடியாது.

என் அளவுகோல் இது: ஒரு கொண்டாட்டம் பக்கத்தில் இருப்பவனைக் குனிய வைக்கிறதா? பிறப்பைக் கொண்டாடுகிறதா, உழைப்பையும் அறிவையும் கொண்டாடுகிறதா? காஞ்ச அய்லய்யா சிறுவர்களுக்காக எழுதி, துர்காபாய் வியாம் படம் வரைந்த 'டர்னிங் தி பாட், டில்லிங் தி லேண்ட்' நவயானா வெளியீடாக 2007-இல் வந்தது. தோல் பதனிடுவதில் இருக்கும் வேதியியல், மண் பாண்டத்தில் இருக்கும் நுட்பம், சலவையில், சவரத்தில், நெசவில் சேர்ந்த அறிவு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. இழிவு என்று தள்ளப்பட்ட வேலைகளுக்குள் இருந்த மூளையைக் காட்டுகிறது. அதே சமயம் இருளர் சிறுமியின் கேள்வியை இங்கும் மறக்கக் கூடாது. அப்பாவின் தொழிலை மதிக்கச் சொல்லும் புத்தகம், நீயும் அதையே செய் என்று சொல்லிவிடக் கூடாது.

தமிழில் விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' இதை நேராகத் தொட்ட சிறு நூல். மணிக்கட்டுக் கயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் என்ன செய்கிறது என்பதை அவர்கள் மொழியிலேயே பேசுகிறது. எங்கள் வாசிப்பறையில் வாசித்த பிறகு நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சத்தமாகச் சண்டை பிடித்தார்கள். நல்ல சண்டை. ஒருவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே கடைசிவரை வாதாடினான். அடுத்த வாரமும் வந்தான், அதுவே பெரிது.

*

புத்தகக் காட்சியில் பெற்றோர் கேட்பது நீதிக்கதை. "நல்ல பழக்கம் வர்ற மாதிரி குடுங்க." கடைக்காரர்கள் அதைத்தான் முன்னால் அடுக்குகிறார்கள். ஆகவே தேடுகிறவர்கள் பின் அடுக்கைக் கேட்க வேண்டும். தூலிகா ஒரே கதையை ஒன்பது மொழிகளில் போடுகிறது, நேஷனல் புக் டிரஸ்ட் மலிவு. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வரிசையிலும் வானம் பதிப்பகத்திலும் இன்று எழுதுகிறவர்கள் கிடைக்கிறார்கள். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்துச் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. அதன் மெல்லிய பக்கங்களும் எளிய வரிகளும் முதல் தலைமுறை வாசகருக்குச் சரியான அளவு. அடுத்த சுற்றில் சூளையும் முகாமும் அதில் வரட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

*

அத்தோ கடை வைத்திருக்கும் பெரியவரின் கதையை எந்தப் பதிப்பகத்திலும் வாங்க முடியவில்லை. பிள்ளைகளே செய்தார்கள். அவர் கடைக்குப் போய்க் கேட்டு, எழுதி, வரைந்தார்கள். ரங்கூன் துறைமுகம், கப்பல் தளத்தில் படுக்கை, கையில் இருந்த ஒரு தகரப் பெட்டி. பெட்டியை நீலமாக வரைந்திருந்தார்கள். பெரியவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பெட்டி பச்சை என்றார். மூடியில் ரோஜாப் பூ படம் இருந்தது, பூட்டு கிடையாது, கயிறு கட்டித்தான் வைத்திருந்தோம் என்றார். வரைந்த சிறுமி அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். நூடுல்ஸை எப்படிப் பிசைவது என்ற பக்கத்துக்கு மட்டும் மூன்று படங்கள். அதில் பூண்டு வறுவல் விட்டுப்போனதை அவர் மனைவி கண்டுபிடித்துச் சேர்க்கச் சொன்னார்.

அடுத்து, ரயில் நிலையம் பக்கம் பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பத்துப் பிள்ளைகள். கதையை அவர்களே வாக்ரிபோலியில் சொல்லட்டும், தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, கீழே தமிழ்ப் பொருள் போடலாம். படத்தை அச்சுக்குப் போகும் முன் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டித் திருத்த வேண்டும். பின்னட்டையில் சொன்னவர், எழுதியவர், வரைந்தவர் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். அச்சகத்தில் விலை கேட்டாயிற்று, முதலில் நூறு பிரதி.